கடைசியில் வருபவரே அளவுகோல்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய உரை)

 

கடந்த ஆண்டு ஆனித் திங்களில், பொன்னூர் மலையடிவாரத்திலிருந்து குமரி மாவட்டத்துச் சிதறால் மலை வரை நாங்கள் மேற்கொண்ட மிதிவண்டி அறப்பயணத்தைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். எட்டு நாள்கள், ஏறத்தாழ 700 கிலோமீட்டர், 22 பேர். வழியில் சித்தன்னவாசலையும் மதுரைச் சமணமலையையும் கழுகுமலையையும் கண்டு தொழுதோம். அவற்றைப் பற்றியெல்லாம் விரித்துரைக்க நேரம் போதாது. ஆகவே ஏழாம் நாள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது எங்கள் பயணத்தின் மிக நீண்ட நாளன்று. விழுப்புரத்திலிருந்து பெரம்பலூர் சென்ற இரண்டாம் நாள் அதனினும் நீண்டது. ஏழாம் நாளுக்கு நாங்கள் வகுத்திருந்தது திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வரை 80 கிலோமீட்டரே. ஆயினும் அந்த நாள்தான் எங்களைச் சோதித்தது. நாங்கள் எதற்காகப் புறப்பட்டோம் என்பதையும் அந்த நாள்தான் எங்களுக்கு உணர்த்தியது.

முதலில் பயணத்தின் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் வட்டாரச் சிற்றூர்களில் சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பின் துணையால் வாழ்வோர் பலர். வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், அவர்கள் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டுப் படுத்திருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் இச்சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆனால் மருத்துவமனைக்குச் சென்று வரும் செலவு யாருடையது? துணைக்குச் செல்லும் மகனோ மனைவியோ அன்றைய கூலியை இழக்கிறார்களே, அதை யார் ஈடு செய்வது? இந்த இரண்டு சுமைகளையும் ஓரளவேனும் குறைப்பதற்கே நிதி திரட்டினோம். ஒவ்வொருவரிடமும் ஓர் அட்டை இருந்தது. உற்றாரும் நண்பரும் அவர் ஓட்டும் கிலோமீட்டர் ஒன்றுக்கு ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று அதில் எழுதிக் கையொப்பமிட்டிருந்தார்கள். எங்கள் உணவு, தங்கும் செலவு, உடன் வந்த இரண்டு வேன்களின் வாடகை ஆகிய அனைத்தையும் நாங்களே பகிர்ந்துகொண்டோம். நோயாளிக்கென்று ஒருவர் தந்த காசில் எங்களுக்கு ஒரு வாழைப்பழமும் வாங்கக் கூடாது என்பது முதல் விதி. பொழுது சாய்ந்தபின் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டக் கூடாது என்பது இரண்டாம் விதி.

புறப்படுமுன் பெரியவர் ஒருவர் என்னை அழைத்து, “பணம்தானே வேண்டும்? வீடு வீடாகப் போய்க் கேட்டால் நாங்களே தந்துவிட மாட்டோமா? இதற்காக ஏன் பிள்ளைகளை 700 கிலோமீட்டர் மிதிக்க வைக்கிறீர்கள்?” என்று வினவினார். நியாயமான வினா. அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஏழாம் நாளுக்குப் பின் என்னிடம் வேறொரு விடை இருக்கிறது.

அன்று அதிகாலை ஐந்தரை மணிக்குத் திருநெல்வேலியை விட்டுப் புறப்பட்டோம். எங்களுள் மூத்தவர் 61 அகவை நிரம்பிய, ஓய்வு பெற்ற ஆசிரியர். அவரை அனைவரும் ‘வாத்தியார் ஐயா’ என்றே அழைத்தோம். இளையவள் 19 வயதுக் கல்லூரி மாணவி. அவளுடைய தந்தையே டயாலிசிஸ் செய்துகொள்பவர். கியர் வைத்த வண்டிகளும் இருந்தன. அண்ணனிடம் இரவல் வாங்கிய சாதாரண வண்டிகளும் இருந்தன. நாங்குநேரி வரை முப்பது கிலோமீட்டரை எளிதாகக் கடந்தோம். காலைச் சிற்றுண்டி முடித்து மீண்டும் வண்டியேறியபோது காற்று எழுந்துவிட்டது.

அக்காற்றின் இயல்பைச் சற்று விளக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு மதில்போலத் தடுத்து நிற்கிறது. அந்த மதிலில் சில வாயில்கள் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் ஒன்று. செங்கோட்டைக் கணவாய் ஒன்று. தெற்கே மலைத்தொடர் முடியும் இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் மற்றொன்று. மதிலெங்கும் தடுக்கப்பட்ட காற்று இவ்வாயில்களில் நெருங்கி, விரைந்து பாய்கிறது. நாட்டின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்று முப்பந்தலில் அமைந்திருப்பது இக்காரணத்தால்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; அங்கே ஆனியிலேயே அது தொடங்கிவிடுகிறது. கத்திரி வெயிலைத் தவிர்க்க விரும்பியவர்களுக்கு இந்தக் காற்றோடு உடன்பட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

எதிர்காற்று மிதிவண்டிக்கு என்ன செய்யும் என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். காற்றில்லாத இடத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறோம் என்று கொள்வோம். அதே வேகத்தில் செல்லும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று எதிரே வீசினால், உடல் உணரும் காற்றின் வேகம் 45. வேகம் மும்மடங்காகும்போது காற்றின் தடை ஒன்பது மடங்காகிறது. கால்கள் அதே கால்கள். சாலை அதே சாலை. தடை மட்டும் ஒன்பது மடங்கு. இதற்கு உரிய மாற்று ஒன்றே: முன்னால் செல்பவரை ஒட்டிச் செல்வது. அவ்வாறு ஒட்டி வருபவருக்குக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு குறையும். முன்னால் செல்பவர் காற்று முழுவதையும் தாங்குகிறார். ஆகவே முறை மாற்றி முன்னால் வரவேண்டும்.

நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் இடையே காற்று வலப்புறமிருந்து வீசியது. பக்கக்காற்றில் நேர் பின்னால் மறைவு கிடைக்காது. முன்னவரின் இடப்புறம் சற்றுப் பின்தங்கிச் சென்றால்தான் கிடைக்கும். சாலை ஓரத்தில் அதற்கு இருவருக்கோ மூவருக்கோதான் இடம் உண்டு. நான்காமவர் சாலையின் விளிம்பில், மறைவின்றித் தனித்து விடப்படுவார். இதற்கு நடுவே லாரி ஒன்று வலப்புறமாகக் கடக்கும்போது காற்று ஒரு நொடி நின்றுவிடும். காற்றை எதிர்த்து வலப்புறம் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருப்பவர் அந்த நொடியில் லாரியின் பக்கமே ஒதுங்க நேரிடும். லாரி போனதும் காற்று மீண்டும் அறையும். களைப்பை விட இந்த அச்சமே எங்களில் பலரை வாட்டியது. விளைவு, ஒரே வரிசையாகப் புறப்பட்ட 22 பேரும் சிதறிப்போனோம். வலிமை மிக்க ஐந்து இளைஞர்கள் வள்ளியூரை அடைந்து நாற்பது நிமிடங்கள் கழித்தே கடைசி இருவரும் வந்து சேர்ந்தார்கள். அந்த இருவர் கல்லூரி மாணவியும், அவளைத் தனியே விட மனமின்றி உடன் வந்த வாத்தியார் ஐயாவும்.

வள்ளியூரில் ஒரு புளியமரத்தடியில் அமர்ந்தோம். அங்கேதான் விவாதம் எழுந்தது. “முடிந்தவர்கள் முன்னே போய்விடட்டும், முடியாதவர்களை வேனில் ஏற்றிவிடலாம். அனைவரும் காத்திருந்தால் ஒருவரும் நாகர்கோவில் போய்ச் சேர மாட்டோம்” என்றார் ஒருவர். அதில் தவறொன்றும் இல்லை. வண்டியோட்டும் குழுக்கள் பலவற்றில் வழக்கமும் அதுவே. அப்போது, எங்களுள் மிக வலியவர், முதல் நாள் தொட்டு அனைவருக்கும் முன்னால் சென்றவர், எழுந்து நிற்க முயன்று தள்ளாடினார். வாந்தியெடுத்தார், இரு கெண்டைக்கால்களும் இழுத்துப் பிடித்துக்கொண்டன. வியர்வையில் உப்பு முழுவதும் போக, வெறும் தண்ணீரை மட்டுமே குடித்து வந்திருக்கிறார். நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணி போர்த்தி, உப்பும் சர்க்கரையும் உரிய அளவில் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகப் புகட்டினோம். அரை மணியில் தெளிந்தார். அவரை வேனில் ஏற்றுவது என்று முடிவாயிற்று. யாரை ஏற்ற வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோமோ அவர்கள் கீழே நின்றார்கள். நாங்கள் நினைத்தும் பாராதவர் வேனில் ஏறினார்.

எல்லோரும் மாறி மாறித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அந்த வேளையில் மாணவி மெல்லச் சொன்னாள்: “எங்கள் வீட்டில் அப்பாவுக்கென்று கோடு போட்ட ஒரு பாத்திரம் உண்டு, அண்ணா. காலையில் கோடு வரை அம்மா தண்ணீர் நிரப்பி வைப்பார்கள். அன்று முழுவதற்கும் அவ்வளவுதான். காபி குடித்தால் அதையும் அதில் கழித்துவிடுவார்கள். வெயில் காலத்தில் அப்பா அந்தப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.”

சிறுநீர் பிரியாத உடலில் நீர் தங்கிவிடும். ஆகவே அவர்கள் அளந்தே அருந்த வேண்டும். நாங்கள் இதை அறியாதவர்கள் அல்லர். துண்டறிக்கையில் எழுதி அச்சிட்டவர்களே நாங்கள்தாம். ஆயினும் நாவறண்டு, கையில் நிறைந்த புட்டியோடு அமர்ந்து அதைக் கேட்பது வேறு. சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

பின்னர் வாத்தியார் ஐயா பேசினார். “பந்தயமாக இருந்தால் முதலில் வருபவரை வைத்து அளக்கலாம். நாம் பந்தயத்திற்கு வரவில்லை. நம்மில் கடைசி ஆள் எப்போது போய்ச் சேருகிறாரோ, அப்போதுதான் நாம் சேர்ந்தோம். அவர் எவ்வளவு தூரம் வருகிறாரோ, அவ்வளவுதான் நம் தூரம்.” இவ்வளவே அவர் சொன்னது. வெயில் தணியும் வரை அங்கேயே தங்கினோம். எஞ்சிய 21 பேரும் நான்கு குழுக்களாகப் பிரிந்தோம். ஒவ்வொரு குழுவிலும் வலியவர் இருவர்; ஏனையோர் மற்றவர்கள். வலியவர்கள் இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை முன்னிடம் மாறிக்கொள்வது. ஏனையோர் இயன்றபோது அரை நிமிடமேனும் முன்னால் வருவது. குழுவின் வேகத்தைக் கடைசியில் இருப்பவர் கூறுவது. அந்த அரை நிமிடத்தை வாத்தியார் ஐயாதான் வற்புறுத்தினார். எப்போதும் பெற்றுக்கொண்டே வருபவர் மனம் குன்றிப்போவார் என்பது அவர் கருத்து.

பணகுடியைக் கடந்தோம். வலப்புறத்தில் மகேந்திரகிரி மேகத்துக்குள் மறைந்திருந்தது. காவல்கிணற்றில் நாகர்கோவில் சாலைக்குத் திரும்பியதும், அதுவரை பக்கத்திலிருந்து வீசிய காற்று நேரே முகத்துக்கு வந்தது. அங்கிருந்து முப்பந்தல் வழியாக ஆரல்வாய்மொழி வரை எட்டுக் கிலோமீட்டர் இருக்கும். அதைக் கடக்க எங்களுக்கு ஒன்றேகால் மணிக்கு மேலாயிற்று. வண்டியை வைத்துவிட்டு நடந்திருந்தாலும் அதே நேரத்தில் போயிருப்போம். இருபுறமும் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. காற்றின் இரைச்சலில் ஒருவர் சொல் மற்றவருக்குக் கேட்கவில்லை. முன்னால் செல்பவர் முழங்கையை அசைத்தால் அடுத்தவர் முன்னே வரவேண்டும் என்று பொருள். அந்த ஒரு சைகையே எங்கள் மொழியாக இருந்தது.

அந்த எட்டுக் கிலோமீட்டரில் நான் கண்டுகொண்டது ஒன்றுண்டு. முன்னால் நின்று காற்றைத் தாங்குபவர் திரும்பிப் பார்ப்பதில்லை, பார்க்கவும் இயலாது. தமக்குப் பின்னால் யார் இளைப்பாறுகிறார் என்பது அவருக்குத் தெரியாது. பின்னால் வருபவரும் முன்னவரின் முகத்தைக் காண்பதில்லை. முதுகை மட்டுமே காண்கிறார். நன்றி சொல்லவும் வாய்ப்பில்லை, பெற்றுக்கொள்ளவும் வாய்ப்பில்லை. இரண்டு நிமிடத்தில் இடம் மாறிவிடுகிறது. தந்தவர் பெறுகிறார், பெற்றவர் தருகிறார். தானத்தில் தருபவர் உயர்ந்தவர், பெறுபவர் தாழ்ந்தவர் என்னும் எண்ணம் அங்கே வேர்விட இடமே இல்லை.

இனி உணவு. எங்களுள் ஒன்பது பேர் இரவில் உண்ணா நோன்பினர். நாகர்கோவிலில் எங்களுக்கு விருந்தளிக்க ஓர் அன்பர் இசைந்திருந்தார். அவர் சமணர் அல்லர். ஆயினும் நோன்பைப் பற்றி முன்பே கேட்டறிந்து வைத்திருந்தார். நாங்கள் காலம் தாழ்ப்பதை வேனிலிருந்து தொலைபேசியில் அறிந்தவர், எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. சமைத்த உணவையெல்லாம் பாத்திரங்களோடு காரில் ஏற்றிக்கொண்டு ஆரல்வாய்மொழிக்கே வந்துவிட்டார். நாங்கள் சேர்ந்தபோது மணி ஆறேகாலை நெருங்கியிருந்தது. கதிரவன் மறைய இன்னும் அரை மணியும் இல்லை. ஒரு கடையின் திண்ணையில் இலை போட்டு, நோன்பினரை முதலில் அமர்த்தினார்கள். பரிமாறியவர் யார் தெரியுமா? நண்பகலில் வேனில் ஏறிய அந்த இளைஞரே. கால் வலி நீங்காமலே குனிந்து குனிந்து தயிர்சோறு வைத்தார். “ஆறு நாளும் முன்னால் போனேன். எனக்குச் சாலைதான் தெரிந்தது. இன்று வேனில் பின்னால் வந்தபோதுதான் நம் ஆட்களைப் பார்த்தேன்” என்று என்னிடம் சொன்னார்.

உண்டு முடித்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. நாகர்கோவிலுக்கு இன்னும் 14 கிலோமீட்டர். வண்டிகளுக்கு விளக்கு இருந்தது. சிலருக்கு வலிமையும் மிச்சமிருந்தது. ஆனால் இருட்டியபின் ஓட்டுவதில்லை என்பது நாமே வகுத்த விதி. வண்டிகளை வேன்களின் மேலேயும் உள்ளேயும் அடுக்கி, பல தடவையாக அனைவரும் நாகர்கோவில் சேர்ந்தோம். அன்றைய 80 கிலோமீட்டரை எங்களில் ஒருவரும் முடிக்கவில்லை.

அன்றிரவு அட்டைகளை நிரப்ப அமர்ந்தபோது மீண்டும் ஒரு விவாதம். “80 என்றே எழுதிவிடலாம், நற்காரியத்துக்குத்தானே? எழுதும் ஒவ்வொரு கிலோமீட்டரும் நோயாளிக்குப் போகிற பணமல்லவா?” என்றார் ஒருவர். மற்றொருவர், “விடிந்ததும் நான்கைந்து பேர் ஆரல்வாய்மொழிக்குத் திரும்பிப்போய் அந்த 14 கிலோமீட்டரை ஓட்டி முடித்துவிடுகிறோம்” என்று முன்வந்தார். இரண்டுமே நல்லெண்ணத்தில் பிறந்தவை. ஆனால் வலியவர் நால்வர் ஓட்டியதை 22 பேரின் அட்டைகளில் எப்படி எழுதுவது? அதை எழுதினால் புளியமரத்தடியில் எடுத்த முடிவு என்னாவது? பொய்யால் பெருகிய நிதியை நோயுற்றவர் கையில் கொடுப்பது எப்படி அறமாகும்? இறுதியில் 21 அட்டைகளில் 66 என்று எழுதினோம். வேனில் ஏறிய இளைஞரின் அட்டையில், வள்ளியூர் வரை, 44. மிகுதியான கையொப்பங்கள் பெற்றிருந்த அட்டை அவருடையதே. பேனாவை வாங்கி அவரே அந்த எண்ணை எழுதினார்.

மறுநாள் சிதறால் மலையடிவாரத்தை 22 பேரும் ஒரே வரிசையாக அடைந்தோம். முன்னால் வந்தவள் மாணவி.

ஊர் திரும்பி அட்டைகளோடு நன்கொடையாளரிடம் சென்றோம். ஏழாம் நாள் ஏன் குறைந்தது என்பதை ஒளிக்காமல் சொன்னோம். பெரும்பாலோர் முழுத்தொகையையும் தந்தார்கள். வணிகர் ஒருவர் மட்டும் ஓட்டாத தூரத்துக்கான தொகையைக் கழித்துவிட்டு, இருமுறை கூட்டிப் பார்த்து, சில்லறை உட்படச் சரியாகத் தந்தார். நாங்கள் அவரிடமும் மகிழ்ச்சியோடுதான் பெற்றுக்கொண்டோம். இவ்வாண்டுப் பயணத்துக்கு முதல் ஆளாகத் தம் மகனின் பெயரைப் பதிவு செய்திருப்பவர் அவரே. கணக்குச் சரியாக இருக்கும் இடத்தில் பிள்ளையை நம்பி அனுப்பலாம் என்றாராம்.

இனி அந்தப் பெரியவரின் வினாவுக்கு வருகிறேன். அவர் இந்த அவையில்தான் அமர்ந்திருக்கிறார். ஐயா, தாங்கள் சொன்னது உண்மை. பணத்தை ஓட்டாமலே திரட்டியிருக்கலாம். ஆனால் முறை மாற்றிச் சுமப்பது என்னும் பழக்கத்தை வீடு வீடாகச் சென்று திரட்டியிருக்க முடியாது. பயணத்திலிருந்து திரும்பிய மாதமே எங்களுள் பதினொருவர் சேர்ந்து ஒரு முறைப்பட்டியல் வகுத்தோம். நோயாளி மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் எங்களுள் ஒருவர் துணைக்குச் செல்கிறார். நான்கு மணி நேரமும் உடனிருந்து வீட்டில் கொண்டு சேர்க்கிறார். அன்று அந்த வீட்டு மகன் வேலைக்குப் போகலாம். மனைவி கழனிக்குப் போகலாம். அல்லது சற்றே உறங்கலாம். ஆண்டுக்கணக்கில் காற்றின் முன்னால் தனியே நிற்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு முன்னால் இரண்டு நிமிடம் சென்று நிற்கிறோம், அவ்வளவே. பணம் பேருந்துக் கட்டணமாகும். அருகில் அமர்ந்திருக்க ஓர் ஆள் வேண்டுமல்லவா?

அவையோரே, நம் அறப்பணிகளில் முன்வரிசையைப் பார்த்தே அளக்கும் வழக்கம் நமக்கு இருக்கிறது. எவ்வளவு திரட்டினோம், எத்தனை பேர் வந்தார்கள், யார் மிகுதியாகத் தந்தார் என்று கேட்கிறோம். அவற்றோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். நம் வரிசையின் கடைசியில் இருப்பவர் யார்? அவர் இப்போது எங்கே வந்துகொண்டிருக்கிறார்? நம் ஊர்களில் அந்தக் கடைசி ஆள், மருத்துவமனைக்குச் செல்லும் முதல் பேருந்துக்காக விடியுமுன் நின்றுகொண்டிருக்கிறார்.

பதினொரு பேர் போதவில்லை. வாரத்தில் நிரப்பப்படாத நாள்கள் இன்னும் இருக்கின்றன. அதற்கு மிதிவண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, இளமையும் வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு நாள், அரை நாள் போதும். இயன்றவர்கள் விழா முடிந்ததும் எங்கள் இளைஞர்களிடம் பெயர் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.